கெல்ம்ஸ்காட் கிராமத்தில் அச்சகம் இருந்ததா? (குமாரசுவாமி நூல் பற்றிய கேள்வியும் தொடர்ச்சியும்)

ஒரு வாசகியின் கேள்வி, ஏப்ரல் 14, 2024

ஆனந்த குமாரசுவாமி இடைக்காலச் சிங்களக் கலை பற்றி எழுதிய பெரிய நூல், இங்கிலாந்தில் கெல்ம்ஸ்காட் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் அச்சானது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த ஊருக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? அச்சகம் இன்னும் இருக்கிறதா? ஜூனில் மகளோடு வருகிறேன். அவளுக்கு ஓவியம், துணி வேலை எல்லாம் பிடிக்கும்.

ஏப்ரல் 14, இரவு

போயிருக்கிறேன், பல தடவை. ஸ்விண்டனில் இருக்கிறேன், காரில் அரை மணி நேரம்தான். அச்சகம் அங்கே இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் கட்டாயம் போங்கள்.

ஊர் ரொம்பச் சின்னது. இருநூறு பேருக்குப் பக்கத்தில் இருப்பார்கள். தேம்ஸ் நதி அங்கே நாம் படத்தில் பார்க்கிற லண்டன் தேம்ஸ் இல்லை. எதிர்க்கரையில் மேயும் மாடு மூச்சு விடுவது கேட்கும், அவ்வளவுதான் அகலம். கவிஞரும் துணி, சுவர்த்தாள் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871இல் அங்கே ஒரு பழைய கல் வீட்டை வாங்கி, சாகும்வரை 25 வருடம் வாழ்ந்தார். கெல்ம்ஸ்காட் என்ற பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது அவரால்தான். மீதி நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 15, காலை

நேற்று அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். மோரிஸ் அந்த வீட்டை வாங்கவில்லை. ஓவியர் ராசெட்டியோடு சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார். ராசெட்டி 1874இல் போய்விட்டார், மோரிஸ் கடைசிவரை குத்தகைக்காரராகவே இருந்தார். அவர் இறந்தது 1896இல். அவருடைய மனைவி ஜேன் 1913இல்தான் வீட்டை விலைக்கு வாங்கினார், அடுத்த வருடமே அவரும் இறந்துபோனார். 25 வருடம் "வாழ்ந்தார்" என்றதும் சரியில்லை. வேலையும் வீடும் லண்டனில். கோடையிலும் மனம் சோர்ந்தபோதும் இங்கே வந்துவிடுவார்.

இந்தத் திருத்தம் எனக்கு முக்கியம். சொந்தமில்லாத ஒரு வீட்டை ஒருவர் இவ்வளவு நேசித்திருக்கிறார். லண்டனில் ஹேமர்ஸ்மித்தில், அதே தேம்ஸ் கரையில் வேறொரு வீடு எடுத்தபோது அதற்கும் கெல்ம்ஸ்காட் ஹவுஸ் என்றே பெயர் வைத்தார். இந்தத் தண்ணீர்தான் அங்கே வருகிறது என்ற நினைப்பு அவருக்கு. 1880 ஆகஸ்டில் குடும்பமும் நண்பர்களுமாக அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு ஆற்று வழியாகவே வந்தார்கள், ஏறக்குறைய 130 மைல். புறப்பட்ட படகின் பெயர் ஆர்க்.

உங்கள் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. 1891இல் மோரிஸ் ஹேமர்ஸ்மித்தில், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கை அச்சகம் தொடங்கினார். அதற்கும் கெல்ம்ஸ்காட் பிரஸ் என்றே பெயர். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அச்சகம் கிராமத்தில் இருந்தது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 15, மாலை

குமாரசுவாமி விஷயத்தை விட்டுவிட்டேனே.

கட்டுரை எழுதியவர் முழுக்கத் தப்பு இல்லை. மோரிஸ் இறந்தபின் 1898இல் அச்சகம் மூடியது. அதன் ஆல்பியன் கை அச்சுப்பொறிகள் ஆஷ்பீ என்ற கட்டடக் கலைஞரின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்குப் போயின. ஆஷ்பீ 1902இல் தன் கைவினைஞர்களைக் கிழக்கு லண்டனிலிருந்து கூட்டிக்கொண்டு, கோட்ஸ்வோல்ட் பகுதியில் சிப்பிங் கேம்டன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அச்சுப்பொறிகளும் கூடவே போயின. பக்கத்து ஊர் பிராட் கேம்டனில் நார்மன் சேப்பல் என்று ஒரு பழைய கட்டடம் பாழடைந்து கிடந்தது. அதை ஆஷ்பீ செப்பனிட்டுக் கொடுக்க, 1907இல் அங்கே குடிவந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர். தந்தை சர் முத்துக் குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தாய்மாமன். தாய் எலிசபெத் ஆங்கிலேயர்.

1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை, பதினைந்து மாதம், அந்த நூல் கையால் அச்சானது. இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளை மோரிஸ் அடித்த அதே பொறியில் அச்சிட்டதாகக் குமாரசுவாமியே முன்னுரையில் சொல்கிறார். ஆக, பொறி கெல்ம்ஸ்காட் அச்சகத்தினுடையது, இடம் பிராட் கேம்டன். கெல்ம்ஸ்காட் கிராமத்திலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போகவேண்டும்.

ஏப்ரல் 17

முதல் தடவை நான் போன கதை. குளிர்காலத்தில் ஒரு நாள், வீடு திறந்திருக்கிறதா என்று பார்க்காமலேயே போய்விட்டேன். கேட் பூட்டியிருந்தது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, அதுவும் வாரத்தில் சில நாள் மட்டும்தான் திறப்பார்கள். அத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று ஊரைச் சுற்றி நடந்தேன். பூட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. திறந்திருந்தால் நேரே உள்ளே போய்த் திரைச்சீலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

அன்று முதலில் கண்ணில் பட்டது வேலி. மரமோ கம்பியோ இல்லை, பலகை பலகையாகச் சுண்ணாம்புக்கல்லைச் செங்குத்தாக மண்ணில் நட்டு வரிசையாக விட்டிருக்கிறார்கள். இடுப்பளவுகூட இல்லை. கல் மேல் மஞ்சளும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகக் கல்பாசி. கையை வைத்தால் ஈரம்.

அப்புறம் கூரை. ஓடு இல்லை, கல்தான். சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்துக் குளிர்காலத்தில் ஈரத்தோடு வெளியே போட்டுவைப்பார்களாம். உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரிந்து, கல் தானாகவே தகடு தகடாகப் பிளந்துவிடும். அந்தத் தகடுகளைக் கீழ் வரிசையில் பெரிதாக வைத்து, மேலே போகப்போகச் சிறிதாக்கி, முகட்டில் உள்ளங்கை அளவில் கொண்டுவந்து முடிக்கிறார்கள். மீன் செதிலும் பறவை இறகும் தரும் மகிழ்ச்சியை இந்தக் கூரை தனக்குத் தருவதாக மோரிஸ் எழுதியிருக்கிறார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அது வெறும் அலங்காரப் பேச்சாகத் தெரியவில்லை. உண்மையிலேயே செதில்தான்.

ஏப்ரல் 18

கூரையைப் பற்றி எழுதியதற்கு ஒருவர், "மோரிஸ் ஊரை அழகாக்கினார் என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மோரிஸ் வருவதற்கு இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே, 1600 வாக்கில், டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டிய வீடு அது. வேலியும் கூரையும் வண்டிக் கொட்டகையும் யாரோ கொத்தனாரும் தச்சரும் செய்தவை, பெயர்கூடத் தெரியாது. மோரிஸ் அவர்களிடம் கற்றுக்கொண்டார். ஊர் அவருக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

ஏப்ரல் 20

வீட்டுக்குள் போன கதையைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மகளுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மாடியில் ஓர் அறை முழுக்கப் பதினேழாம் நூற்றாண்டுத் திரைச்சீலைகள் தொங்குகின்றன. விவிலியத்தின் சிம்சோன் கதை. கண்களைத் தோண்டும் காட்சியும் உண்டு. மோரிஸ் குடிவரும்போதே அவை அந்த வீட்டில் இருந்தன. ராசெட்டி அந்த அறையைத் தன் ஓவிய அறையாக வைத்துக்கொண்டார். எப்படித்தான் அந்தக் காட்சிக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்தாரோ! மோரிஸ் கவனித்தது வேறு. பழசாகி மற்ற நிறமெல்லாம் மங்கியபின் அவுரி நீலமும் சாம்பலும் இளம் பழுப்பும் மிஞ்சி நிற்கின்றனவே, அந்த மங்கல் அவருக்குப் பிடித்திருந்தது. நானும் போய் நின்று பார்த்தேன். சிவப்பு போய்விட்டது, பச்சை நீலமாகிவிட்டது. பச்சை எப்படி நீலமாகும் என்று யோசித்தால், அந்தக் காலத்துச் சாயக்காரர் அவுரி மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை கொண்டுவருவார். மஞ்சள் வெயிலில் போய்விடும், அவுரி நின்றுவிடும்.

மோரிஸுக்கு அவுரிப் பைத்தியம். பின்னாளில் லண்டனுக்குப் பக்கத்தில் மெர்டன் அபியில் பட்டறை வைத்தபோது தொட்டியில் கைவிட்டுக் கைவிட்டு முழங்கைவரை நீலமாகவே திரிந்திருக்கிறார். ஸ்ட்ராபெர்ரி தீஃப் என்ற புகழ்பெற்ற துணி வடிவம் 1883இல் வந்தது. கெல்ம்ஸ்காட் தோட்டத்தில் வலைக்குள் புகுந்து ஸ்ட்ராபெர்ரியைத் திருடிய த்ரஷ் பறவைகள்தான் அதில் வருகின்றன. அதை அச்சிடும் முறை எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. வெள்ளைத் துணியில் நீலத்தை அடிக்கவில்லை. துணி முழுவதையும் அவுரியில் முக்கி நீலமாக்கிவிட்டு, வெள்ளை வேண்டிய இடத்தில் மட்டும் அச்சுக்கட்டையால் வெளுக்கும் மருந்தை ஒற்றி, நீலத்தை எடுத்துவிடுகிறார்கள். அந்த வெற்றிடங்களில் அப்புறம் சிவப்பும் மஞ்சளும். ஒவ்வொரு நிறத்துக்கும் காய்ச்சல், அலசல், உலர்த்தல். நாள் கணக்கில் ஆகும்.

போன வருடம் ஒரு சாயப் பயிற்சி வகுப்பில் ஒரு கைக்குட்டையைத் தொட்டியில் முக்கி எடுத்தேன். வெளியே வரும்போது நீலமே இல்லை, பச்சை கலந்த மஞ்சள். வேலை கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். காற்று பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் ஊறி வந்தது, கண்ணெதிரே. அன்றைக்குத்தான் அந்தச் சிம்சோன் திரைச்சீலை எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஏப்ரல் 21

"பணக்காரர் ஒருவர் கோடைக்கு வந்து ஏழை விவசாயிகளின் ஊரை ரசித்தார், இதில் என்ன இருக்கிறது" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மோரிஸ் வசதியான வீட்டுப் பிள்ளைதான். தந்தைக்கு டெவன் தாமிரச் சுரங்கத்தில் பங்கு இருந்தது, இளமையில் அந்தப் பணத்தில்தான் வாழ்ந்தார். கெல்ம்ஸ்காட்டைச் சுற்றியிருந்த பண்ணைத் தொழிலாளிகளின் கூலி குறைவு என்பதும் உண்மை.

ஆனால் அவர் ரசித்ததோடு நிற்கவில்லை. 1883இல் சோஷலிச இயக்கத்தில் சேர்ந்தார், தெருமுனையில் நின்று பேசினார், கைது ஆனார். அழகான வீட்டில் உட்கார்ந்திருந்ததால்தான் எல்லோருக்கும் இது ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை என்று நினைக்கிறேன். இருபத்திரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடப்பதாக அவர் எழுதிய கற்பனைக் கதையில் காசும் இல்லை, முதலாளியும் இல்லை. அந்தக் கதையின் படகுப் பயணம் வந்து முடிகிற இடம் இந்த வீடுதான், இந்த ஊர்த் தேவாலயம்தான்.

ஏப்ரல் 21, இரவு

நண்பருக்கு இன்னொன்று. ஊர் மக்களுக்காக உண்மையில் உழைத்தது மகள் மே. அவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 23 வயதில் தந்தையின் நிறுவனத்தில் பூத்தையல் பிரிவு முழுவதையும் பொறுப்பேற்றவர். கடைசிக் காலத்தில் கெல்ம்ஸ்காட்டிலேயே தங்கிவிட்டார். ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று வருடக்கணக்காகப் பணம் திரட்டினார். கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் கிம்சன் வரைந்த திட்டம். கிம்சன் 1919இலேயே இறந்துவிட்டார், மண்டபம் எழுந்தது 1934இல், மோரிஸ் பிறந்த நூற்றாண்டில். பெர்னார்ட் ஷா வந்து திறந்துவைத்தார். இன்றைக்கும் ஊர்க் கூட்டமெல்லாம் அங்கேதான். மே 1938இல் இறந்தபோது வீட்டை ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அங்கிருந்து அது 1962இல் தொல்பொருள் ஆய்வாளர்களின் சங்கத்துக்கு வந்தது.

ஏப்ரல் 28

இன்று இங்கில்ஷாம் போய்வந்தேன். லெச்லேட் ஊரிலிருந்து ஆற்றோரமாக அரை மணி நடை. கோல்ன் என்ற சிற்றாறு தேம்ஸில் கலக்கும் இடம். தேம்ஸையும் செவர்ன் நதியையும் இணைத்த பழைய கால்வாய் வந்து சேர்ந்ததும் அங்கேதான், காவலாளி தங்கிய உருண்டை வீடு இன்னும் நிற்கிறது.

அந்த ஊர்த் தேவாலயத்தில் நான் மட்டும்தான். உள்ளே மின்விளக்கு வெளிச்சம் தேவையே இல்லை, மதிய வெயில் சாய்வாக விழுந்தது. சுவரில் ஒரு காலத்து ஓவியத்தின் மேல் இன்னொரு காலத்து ஓவியம், அதன் மேல் வேதவாக்கியம், அதுவும் உரிந்து கீழே இருப்பது எட்டிப்பார்க்கிறது. பெட்டி பெட்டியான பழைய மர இருக்கைகள் அப்படியே. 1888, 1889இல் மோரிஸின் முயற்சியாலும் உதவியாலும் இது பழுதுபார்க்கப்பட்டது என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அவர் இதை நேசித்தார் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

அந்தக் காலத்தில் "புதுப்பிக்கிறோம்" என்று சொல்லிப் பழைய தேவாலயங்களைச் சுரண்டி வழித்துப் புதுசுபோல ஆக்கிக்கொண்டிருந்தார்கள். 1876இல் கெல்ம்ஸ்காட்டிலிருந்து போகும் வழியில் பர்ஃபோர்டில் அப்படி ஒரு வேலை நடப்பதைப் பார்த்து மோரிஸ் கொதித்துப்போனார். அடுத்த வருடமே பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் சொன்னது எளிது. ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக்கொடு, மற்றபடி கைவைக்காதே. எனக்கு இது ஒரு கட்டடக் கொள்கையாக மட்டும் படவில்லை. அந்தச் சுவரில் ஒரு நூற்றாண்டின் ஆள் இன்னொரு நூற்றாண்டின் ஆளை முழுதாக அழிக்காமல் விட்டிருக்கிறாரே, அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மே 5

மகளோடு நடப்பீர்களா என்று தெரிந்துகொள்ளவேண்டும். ஏனென்றால் கெல்ம்ஸ்காட்டுக்கு நல்ல வழி லெச்லேட்டிலிருந்து ஆற்றோரம் நடப்பதுதான். நேற்று மறுபடி நடந்தேன், நின்று நின்று போனதில் இரண்டு மணி நேரம்.

தொடக்கத்தில் ஹாஃப்பென்னி பாலம், 1792இல் கட்டியது. நடந்து கடப்பவர் அரைப் பென்னி சுங்கம் கட்டவேண்டியிருந்தது, 1839இல் அதை எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அடுத்து செயின்ட் ஜான்ஸ் மதகு, படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு. தேம்ஸில் மேலிருந்து வந்தால் முதல் மதகு அதுதான். அங்கே மண்வெட்டியோடு சாய்ந்து படுத்திருக்கும் தேம்ஸ் கிழவர் சிலை, நதியையே ஒரு கிழவராக உருவகித்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்காக ராஃபேல் மோன்டி செய்தது, 1974இலிருந்து இங்கே இருக்கிறது.

அதற்கப்புறம் வயலும் வில்லோ மரங்களும். அடிமரத்தைத் தலைமட்டத்தில் வெட்டிவிட்டுக் கிளைகளைத் தளிர்க்க விட்டிருப்பார்கள், தலைவிரித்து நிற்பதுபோல இருக்கும். இந்த இலைகளைத்தான் மோரிஸ் 1887இல் வில்லோ பவ் சுவர்த்தாளாக வரைந்தார். நடுநடுவே ஆற்றைப் பார்த்தபடி அறுகோணக் கான்கிரீட் காவல் அறைகள் வரும். 1940இல் ஜெர்மானியர் இறங்கினால் தேம்ஸ் கரையிலேயே தடுக்கவேண்டும் என்று கட்டியவை. துப்பாக்கித் துளை வழியாக எட்டிப்பார்த்தேன். உள்ளே குளிர்ச்சி, ஆட்டுப் புழுக்கை வாசம், துளைக்கு நேரே ஆறு.

ஒரு எச்சரிக்கை: மழை பெய்த வாரத்தில் இந்த வழியே வேண்டாம். வயல் முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும். ஒரு பிப்ரவரியில் கணுக்காலுக்கு மேல் சேற்றில் மாட்டித் திரும்பியிருக்கிறேன்.

மே 12

குமாரசுவாமிக்குத் திரும்புகிறேன், ஏப்ரல் 15 குறிப்பில் ஒருவரை மறந்துவிட்டேன். பிராட் கேம்டனில் அவரோடு இருந்த மனைவி எதெல். இலங்கையில் கணவர் கனிம ஆய்வு இயக்குநராக ஊர் ஊராகப் போனபோது கூடவே போய்க் கைவினைகளைப் பார்த்துப் படமெடுத்தவர். பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் பெரிய நெசவாளராக ஆனார், 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு கையேடு எழுதினார். ஏப்ரல் 20 அன்று நான் அவுரியைப் பற்றி நீட்டி எழுதினேனே, உங்கள் மகளுக்கு அந்த ஆர்வம் இருந்தால் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை ஒன்று: மோரிஸின் சாசர் காகிதத்தில் 425 பிரதி. குமாரசுவாமியின் நூலும் 425 பிரதி.

சாசரை அடித்த ஆல்பியன் பொறிகளில் ஒன்று, 6551 என்ற எண்ணுள்ளது, ஆஷ்பீயிடமிருந்து கை மாறிக் கை மாறி அமெரிக்காவுக்குப் போனது. இப்போது நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. சும்மா காட்சிக்கு வைக்கவில்லை, மாணவர்கள் அதில் அச்சடிக்கிறார்கள். பொறியைப் பார்க்கவேண்டுமானால் அங்கேதான் போகவேண்டும்.

மே 19

சரி, ஜூன் பயணத்துக்கு. வீடு திறக்கும் நாளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், என் அனுபவம் உங்களுக்கு வேண்டாம். உள்ளே மாடியில் திரைச்சீலை அறையில் நேரம் கொடுங்கள்.

வெளியே வந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். 1896 அக்டோபர் 6ஆம் தேதி லண்டனிலிருந்து ரயிலில் லெச்லேட் வந்த மோரிஸின் உடலை, மஞ்சள் வண்டி, சிவப்புச் சக்கரம், வில்லோ கிளையும் கொடியும் கட்டிய பண்ணை வண்டியில் கொட்டும் மழையில் கொண்டுவந்தார்கள். நண்பரும் கட்டடக் கலைஞருமான பிலிப் வெப் வடிவமைத்த கல், வீட்டுக் கூரைபோல இருபுறமும் சரிந்திருக்கும், உயரம் கொஞ்சம்தான். ஜேனும் இரண்டு மகள்களும் அதே இடத்தில் இருக்கிறார்கள்.

அங்கிருந்து வரும் வழியில் ஜேன் 1902இல் வெப்பைக் கொண்டு கட்டிய இரட்டைக் குடிசை வீடு. முகப்புச் சுவரில் மோரிஸ் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கற்சிற்பம் இருக்கிறது. அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அதனால் தெருவில் நின்றே பாருங்கள். பிற்பகல் வெயிலில் முகம் நன்றாகத் தெரியும்.

நடந்து வருவதாக இருந்தால் சொல்லுங்கள், லெச்லேட் பாலத்தில் காத்திருக்கிறேன்.